கல்லீரலை வெட்டும் ஆபரேஷனில் பிரிங்கிள் போட்டும் ரத்தம் நிற்கவில்லையா?

கல்லீரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது. முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் வெயின் வழியாக, மீதி கல்லீரலின் தமனியான ஹெப்பாட்டிக் ஆர்ட்டரி வழியாக. இரண்டும் பித்தக்குழாயோடு சேர்ந்து போகும் இடத்தில் நாடாவைச் சுற்றி இறுக்குவதுதான் கிளாஸ்கோவின் சர்ஜன் பிரிங்கிள் 1908-இல் எழுதிய முறை. இது உள்ளே வரும் ரத்தத்தை மட்டுமே நிறுத்தும். ரத்தத்தை வெளியேற்றும் ஹெப்பாட்டிக் வெயின்கள் திறந்தேதான் இருக்கும். இதை மறப்பதுதான் முதல் தவறு.

வெட்டிய இடத்தில் கருஞ்சிவப்பாக ஊறினால் அது வெயின் ரத்தம், நாடாவை மேலும் இறுக்கிப் பயனில்லை. அனஸ்தீசியா டாக்டரிடம் சி.வி.பி. (இதயத்துக்குத் திரும்பும் பெரிய வெயினின் அழுத்தம்) எவ்வளவு என்று கேளுங்கள், 5 மி.மீ. மெர்க்குரிக்குக் கீழே இருப்பது நல்லது. பிரஷர் சற்று இறங்கியதுமே பாட்டில் பாட்டிலாக சலைன் ஓடவிட்டால் வெயின்கள் பருத்துக்கொண்டு கொட்டும். அதற்காக ஒரேயடியாக வற்றவிடவும் கூடாது: திறந்த வெயின் காற்றை இழுத்துக்கொள்ளும். எண்ட்-டைடல் (மூச்சை விட்டு முடிக்கும்போதுள்ள) கார்பன் டை ஆக்சைடு சட்டென்று சரிந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். வெட்டி முடித்தபின் திரவத்தை ஈடுகட்டி, கசிவு பார்த்து, அப்புறம்தான் மூட வேண்டும்.

பளிச்சென்ற சிவப்பில் பீய்ச்சினால் கதை வேறு, அது ஆர்ட்டரி ரத்தம். சிலருக்குக் கல்லீரலின் இடப்பக்க ஆர்ட்டரி, இரைப்பையின் ஆர்ட்டரியிலிருந்து கிளைத்துத் தனிவழியில் வரும், நாடாவுக்குள் சிக்காது. முன்கூட்டியே சி.டி.யில் தேடினால் தெரிந்துவிடும்.

நேரம்: 15 நிமிடம் இறுக்கு, 5 நிமிடம் விடு. 'இன்னும் ரெண்டே நிமிஷம்' என்று நீட்டுவதும், விட்ட ஐந்தை இரண்டாகச் சுருக்குவதும் கல்லீரல் செல்களைத்தான் பதம் பார்க்கும். சிரோசிஸ், கொழுப்பேறிய கல்லீரல், கீமோ எடுத்தவர் என்றால் தாங்கும் சக்தி இன்னும் குறைவு. டெல்லி தியேட்டரில் தமிழ் ரெசிடென்ட், மலையாள ஸ்டாஃப், ஹிந்தி டெக்னீஷியன் என்று கலந்து நிற்பார்கள். மனதுக்குள் எண்ணுவது உதவாது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து 'தஸ் மினிட்' (பத்து), 'பந்த்ரா மினிட்' (பதினைந்து) என்று உரக்கச் சொல்லட்டும், போர்டிலும் எழுதட்டும். விட்ட ஐந்து நிமிடமும் பேக் (துணித் திண்டு) வைத்து அழுத்திக் காத்திருங்கள்.

முன்பு வயிற்றில் ஆபரேஷன் ஆனவரிடம் நாடா நுழைக்கும் இடத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கலாம். விரலை முரட்டுத்தனமாக நுழைத்தால் அங்கே இருக்கும் பெரிய வெயினான ஐ.வி.சி. கிழியலாம்.

மறுநாள் எஸ்.ஜி.ஓ.டி. (கல்லீரல் செல் சேதத்தைக் காட்டும் என்சைம்) எகிறியதைப் பார்த்து உடனே பதறாதீர்கள், அது இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஐந்தாம் நாள் பிலிரூபின் (மஞ்சள் காமாலை அளவு) 3 மி.கி./டெ.லி.-க்கு மேலும் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் அளவு) 1.7-க்கு மேலும் சேர்ந்தே இருந்தால் வார்டில் வைத்துக்கொண்டிருக்காமல் ஐ.சி.யு.வுக்கு மாற்றுங்கள்.