அப்பா, அம்மாவுக்குக் கிரீன் கார்டு: ஐ-864 படிவத்தில் வருமானத்தை நிரூபிப்பது எப்படி?

மாதம் பத்தாயிரம் டாலர் வாங்குபவரின் கோப்பு குறை சொல்லித் திரும்பி வருவதும் உண்டு; கேஸ் ஸ்டேஷனில் இரவு வேலை பார்ப்பவரின் கோப்பு முதல் தடவையிலேயே தேறிவிடுவதும் உண்டு. அமெரிக்காவுக்கு உறவினரை அழைப்பவர், அவரைத் தாங்குவேன் என்று உறுதி தரும் ஐ-864 என்ற படிவம் நீங்கள் எவ்வளவு வசதியானவர் என்று கேட்பதில்லை. உங்கள் வருமானத்தை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள், இன்றைய தேதியில் உங்கள் ஆண்டு வருமானம் என்ன, அதற்குக் காகிதம் எங்கே என்று மூன்றே கேள்விகளைத்தான் கேட்கிறது. மூன்றுக்கும் நீங்கள் தரும் பதில்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கோப்பு திரும்பி வரும் இடங்களில் பெரும்பாலும் பணம் குறைவதில்லை, இந்தப் பொருத்தம்தான் குறைகிறது.

பெற்றோரை அழைப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவும் 21 வயது நிறைந்தவராகவும் இருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் கணவன் அல்லது மனைவியையும் திருமணமாகாத பிள்ளைகளையும் மட்டுமே அழைக்க முடியும்; அவர்களுக்கும் இதே படிவம்தான். ஆறு மாதம் வந்து பேரனைப் பார்த்துவிட்டுப் போகும் சுற்றுலா விசாவுக்கு ஐ-864 கிடையாது. "நான் போன வருடம் ஸ்பான்சர் கடிதம் கொடுத்தேனே" என்று சிலர் சொல்வது ஐ-134 படிவத்தை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன்

இந்தப் படிவம் வெறும் சிபாரிசுக் கடிதம் அல்ல. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உங்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் இடையே ஏற்படும் ஒப்பந்தம். நீங்கள் அழைத்து வந்தவர் வருமானத்தைப் பார்த்து வழங்கப்படும் அரசு உதவிகளைப் பெற்றால், அந்தத் தொகையை உங்களிடம் திருப்பிக் கேட்க முடியும். அவர் குடியுரிமை பெறும்போதோ, அவர் கணக்கில் 40 காலாண்டு (சுமார் பத்தாண்டு) வேலை சேரும்போதோ, கிரீன் கார்டைக் கைவிட்டு நாட்டைவிட்டுப் போகும்போதோ, இருவரில் ஒருவர் இறக்கும்போதோ இந்தப் பொறுப்பு முடிகிறது. விவாகரத்தால் முடியாது. பெற்றோர் விஷயத்தில் இந்தக் கடைசி வரி யாரையும் உறுத்தாது; மனைவியையோ கணவனையோ அழைப்பவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும்.

முதல் படி: தலைகளை எண்ணுங்கள்

வருமானத்தைப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். எண்ணிக்கை மாறினால் தேவைப்படும் தொகையும் மாறிவிடும்.

நீங்கள் ஒன்று. கணவன் அல்லது மனைவி ஒன்று. 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒன்று. வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்தாலும் கணக்கில் உண்டு. வருமான வரிப் படிவத்தில் உங்களைச் சார்ந்தவர் என்று காட்டிய மற்றவர்கள். முன்பு வேறொருவருக்கு ஐ-864 கொடுத்து, அவர் கிரீன் கார்டு பெற்று, அந்தப் பொறுப்பு இன்னும் முடியாமல் இருந்தால் அவரும். கடைசியாக, இப்போது அழைக்கப்போகிறவர்.

பெற்றோர் இருவரையும் அழைக்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. அப்பாவுக்குத் தனி மனு, அம்மாவுக்குத் தனி மனு. அதனால் ஐ-864 படிவமும் இரண்டு. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் அப்பாவின் படிவத்தில் எண்ணிக்கை ஐந்து வரும். அப்பா முதலில் கிரீன் கார்டு பெற்றுவிட்டால் அம்மாவின் படிவத்தில் அது ஆறாகிவிடும். ஆகவே தொடக்கத்திலேயே ஆறு பேருக்குப் போதுமா என்று பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஐந்துக்குக் கணக்குப் போட்டுவிட்டு, பாதி வழியில் விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: எவ்வளவு தேவை?

அமெரிக்க சுகாதாரத் துறை ஆண்டுதோறும் வறுமைக்கோட்டு வரம்பை வெளியிடுகிறது. உங்கள் வருமானம் அதில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். ராணுவத்தில் முழுநேரப் பணியில் இருப்பவர் தன் துணையையோ பிள்ளையையோ அழைத்தால் மட்டும் 100 சதவீதம் போதும். பெருக்கல் கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை. ஐ-864பி (I-864P) என்ற அட்டவணையில் தயாராக இருக்கிறது.

2025ஆம் ஆண்டு அட்டவணைப்படி இரண்டு பேருக்கு 26,437 டாலர், நான்கு பேருக்கு 40,187, ஐந்து பேருக்கு 47,062, ஆறு பேருக்கு 53,937. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தனித் தொகை, சற்று அதிகம். இந்த எண்கள் ஆண்டுதோறும் ஏறும் என்பதால், படிவத்தை நிரப்பும் நாளில் உள்ள அட்டவணையைத் திறந்து பாருங்கள். வரம்பை ஐந்நூறு டாலரில் தாண்டுபவர் கொஞ்சம் கூடுதல் ஆதாரத்தோடு போவது நல்லது.

மூன்றாம் படி: எந்த வருமானத்தை எழுதுவது?

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். படிவம் இரண்டு எண்களைக் கேட்கிறது. ஒன்று இப்போதைய ஆண்டு வருமானம். மற்றொன்று வருமான வரிப் படிவத்தில் காட்டிய மொத்த வருமானம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இப்போதைய வருமானம் என்றால் பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம். வங்கியில் வந்து விழும் தொகை அல்ல. கிடங்கில் வேலை செய்யும் என் நண்பர் ஒருவர் அப்பா, அம்மாவுக்காகக் கணக்குப் போட்டுவிட்டு, "எனக்குப் போதாது, யாரையாவது கையெழுத்துக் கேட்க வேண்டும்" என்று சோர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டிலும் எண்ணிக்கை ஆறு. சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன்: மொத்தச் சம்பளம் 2,150 டாலர். அவர் மாதத்துக்கு இரண்டு சம்பளம் என்று நினைத்து 24ஆல் பெருக்கி 51,600 என்று எழுதியிருந்தார். ஆனால் அவருக்குச் சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஆண்டுக்கு 52 வாரம், 26 சம்பளம். 55,900 டாலர். வரம்பைத் தாண்டியாகிவிட்டது. உங்கள் சம்பளச் சீட்டில் இருப்பது மாதம் இருமுறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா என்று முதலில் பாருங்கள்.

வரிப் படிவத்தின் எண் எளிது. 1040 படிவத்தில் மொத்த வருமானம் என்ற வரி இருக்கும். அண்மை ஆண்டுகளில் அது ஒன்பதாவது வரி. அதை அப்படியே எடுத்து எழுதுங்கள்.

வேலை போய்விட்டவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். போன ஆண்டு வரிப் படிவம் ஒன்றரை லட்சம் டாலர் காட்டினாலும், இன்று வேலை இல்லை என்றால் இப்போதைய சம்பள வருமானம் பூஜ்யம்தான். பழைய காகிதம் அதை ஈடுகட்டாது. மாறாக, போன ஆண்டு குறைவாகச் சம்பாதித்து, இப்போது நல்ல வேலையில் சேர்ந்தவர் பயப்பட வேண்டாம்; வேலைக் கடிதமும் சம்பளச் சீட்டுகளும் இருந்தால் புதிய வருமானத்தைக் காட்டலாம்.

சொந்தத் தொழில் செய்பவர்களின் நிலை வேறு. டாக்சி, உணவகம், தனி ஆலோசகர் என்று எதுவானாலும், செலவைக் கழித்த பிறகு நிற்கும் லாபம்தான் மொத்த வருமானத்துக்குள் வரும். வரியை மிச்சப்படுத்த ஷெட்யூல் சி-யில் (தொழிலின் வரவு செலவைக் காட்டும் வரிப் படிவ இணைப்பு) செலவுகளை அடுக்கியவர், இங்கே வந்து "உண்மையில் நான் இன்னும் அதிகம் சம்பாதிக்கிறேன்" என்று சொல்ல முடியாது. அடுத்த ஓரிரு ஆண்டில் பெற்றோரை அழைக்கும் எண்ணம் இருந்தால், வரித் தாக்கலின்போதே இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

உணவுக் கூப்பன், மெடிக்கெய்ட் போன்ற அரசு உதவிகளை வருமானமாகக் காட்டக் கூடாது.

நான்காம் படி: காகிதங்கள்

கட்டாயமானது அண்மை ஆண்டின் மத்திய அரசு வருமான வரித் தாக்கல். மூன்று ஆண்டுகளையும் தரலாம்; வருமானம் ஏறுமுகமாக இருந்தால் தருவது உதவும். இதை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வருமான வரித் துறை) இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, தாக்கலின் சுருக்கமான வரித் தாக்கல் டிரான்ஸ்கிரிப்டை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அல்லது 1040 படிவத்தின் நகலை அதன் இணைப்புகள், டபிள்யூ-2 (நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளச் சான்று), 1099 (மற்ற வருமானச் சான்று) எல்லாவற்றோடும் தரலாம்.

என் அனுபவத்தில் டிரான்ஸ்கிரிப்ட்தான் மேல். முதல் தடவை நான் வரி மென்பொருள் கொடுத்த பிடிஎஃப் கோப்பை அப்படியே பதிவேற்றினேன். மாநில வரிப் பக்கங்கள், மென்பொருளின் நன்றிக் கடிதம் எல்லாம் அதில் இருந்தன. டபிள்யூ-2 மட்டும் இல்லை. சில வாரம் கழித்துக் குறை இருப்பதாகச் செய்தி வந்தது. தப்பு முழுக்க என்னுடையது. மாநில வரிப் படிவத்தை யாரும் கேட்கவே இல்லை. இரண்டாம் தடவை டிரான்ஸ்கிரிப்டை வைத்தேன். சில பக்கங்களில் முடிந்தது.

கணவனும் மனைவியும் கூட்டாக வரி தாக்கல் செய்திருந்தால் ஒன்பதாவது வரியில் இருவர் பணமும் கலந்திருக்கும். உங்கள் வருமானம் மட்டுமே போதும் என்றால், அதைப் பிரித்துக் காட்ட உங்கள் டபிள்யூ-2 தேவை. டிரான்ஸ்கிரிப்ட் மட்டும் போதாது.

இவற்றோடு, நிறுவனத்தின் தாளில் பதவி, சேர்ந்த தேதி, ஆண்டுச் சம்பளம் மூன்றும் குறிப்பிட்ட வேலைக் கடிதமும், கடந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளும். இவை கட்டாயம் இல்லை என்று குறிப்புகள் சொல்லும். வைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: போதவில்லை என்றால்

மூன்று வழிகள் இருக்கின்றன. இந்த வரிசையில் யோசிப்பேன்.

முதலாவது, ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தாரின் வருமானத்தைச் சேர்ப்பது. மனைவி மனுதாரர், அவருக்கு 30,000. கணவருக்கு 90,000 என்று வைத்துக்கொள்வோம். மனைவி தன் வருமானம் 1,20,000 என்று எழுதக் கூடாது. தன்னுடையதைத் தனியாக எழுதி, கணவர் ஐ-864ஏ படிவத்தில் கையெழுத்திட்டுத் தன் ஆதாரங்களை இணைக்க வேண்டும். கணவரும் அந்தப் பொறுப்பில் பங்காளி ஆகிவிடுகிறார்.

இரண்டாவது, கூட்டு ஸ்பான்சர். இவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. 18 வயது நிறைந்த, அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ போதும். அந்தத் தகுதிக்கான ஆதாரத்தையும் அவர் இணைக்க வேண்டும். உங்கள் 40,000, அவருடைய 20,000 என்று கூட்டிக் கணக்குக் காட்ட முடியாது. அவர் தன் குடும்பத்தையும் உங்கள் பெற்றோரையும் சேர்த்த எண்ணிக்கைக்குத் தனித்தே தகுதி பெற வேண்டும். அவர் வந்தாலும் மனுதாரரான நீங்கள் உங்கள் ஐ-864 படிவத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒருவரிடம் இந்தக் கையெழுத்தைக் கேட்கும்போது, இது காபி குடித்துக்கொண்டே கேட்கும் உதவி அல்ல என்பதை மறக்காதீர்கள். மேலே சொன்ன பொறுப்புகளை அவருக்கு விளக்கிவிட்டுக் கேளுங்கள்.

மூன்றாவது, சொத்து. குறையும் தொகையைப் போல் ஐந்து மடங்கு காட்ட வேண்டும். அமெரிக்கக் குடிமகனின் துணைக்கோ பிள்ளைக்கோ என்றால் மூன்று மடங்கு. இந்த மூன்று மடங்கைப் பெற்றோருக்கும் பொருத்திப் பலர் ஏமாறுகிறார்கள். 2025 அட்டவணைப்படி, ஆறு பேர் வீட்டில் வருமானம் 46,000 என்றால் குறைவது 7,937. ஐந்து மடங்கு 39,685 டாலர். அந்தச் சொத்து ஓராண்டுக்குள் பணமாகக் கூடியதாக இருக்க வேண்டும். கடன் போக மிஞ்சும் மதிப்பே கணக்கு. ஒரே கார் வைத்திருந்தால் அதைக் காட்ட முடியாது.

வருகிறவர்களின் சொத்தையும் சேர்க்கலாம் என்பதால், ஊரில் அப்பா பெயரில் உள்ள நிலமும் செல்லும். ஆனால் பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், மதிப்பீட்டாளர் அறிக்கை, தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் கையொப்பமிட்ட உறுதிமொழி என்று வேலை நீண்டுகொண்டே போகும். அண்ணன் தம்பிகள் பங்கு பிரிக்காத நிலம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்பாவின் வங்கி வைப்பு நிதி எவ்வளவோ சுலபம்.

ஆறாம் படி: அனுப்புவது

படிவத்தின் கீழ் ஓரத்தில் பதிப்புத் தேதி இருக்கும், யு.எஸ்.சி.ஐ.எஸ். (அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றத் துறை) இணையதளத்தில் உள்ள பதிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அழைக்கப்படுபவர் ஒருவரே, உங்கள் வருமானம் முழுவதும் டபிள்யூ-2 சம்பளமோ ஓய்வூதியமோதான் என்றால் ஐ-864இஇசட் என்ற குறுகிய படிவம் போதும். பெயரைத் தட்டச்சு செய்தால் கையெழுத்து ஆகாது. அச்சிட்டு, பேனாவால் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்யுங்கள். நோட்டரி தேவையில்லை.

பெற்றோர் இந்தியாவில் இருந்தால், மனு ஏற்கப்பட்ட பிறகு தேசிய விசா மையத்தின் வழியாக இணையத்தில் பதிவேற்ற வேண்டும். அப்பாவின் கோப்பில் ஒரு முழுத் தொகுப்பு, அம்மாவின் கோப்பில் ஒரு முழுத் தொகுப்பு. ஒன்றில் இருக்கிறதே என்று மற்றதில் விட்டுவிடாதீர்கள்.

நேர்காணலுக்கு அமெரிக்கத் தூதரக அலுவலகத்துக்குப் போகும்போது, இந்த எல்லாவற்றின் அச்சுப் பிரதியையும் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்புங்கள். பதிவேற்றிய பிறகு ஏப்ரல் 15 கடந்திருந்தால் புதிய ஆண்டின் வரித் தாக்கலையும், நேர்காணலுக்கு முந்தைய மாதத்துச் சம்பளச் சீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகன் என்ன வேலை பார்க்கிறான், எந்த ஊரில் இருக்கிறான், வீட்டில் எத்தனை பேர் என்று அம்மாவுக்குச் சொல்லிவைத்திருங்கள். "கம்ப்யூட்டர் வேலை" என்ற பதிலைவிட நிறுவனத்தின் பெயரைச் சொல்வது நல்லது.

அவர்கள் கிரீன் கார்டோடு வந்து சேர்ந்த பிறகும் உங்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீங்கள் வீடு மாறும்போதெல்லாம் 30 நாளுக்குள் ஐ-865 படிவத்தில் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.