வசதியில்லாத பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாங்கோனில் எங்கள் வட்டாரக் கோயில் மண்டபத்தில், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் மிருதங்கம் சொல்லித்தர இரண்டு தம்பிகள் புதிதாக வருகிறார்கள். நல்ல கை, நல்ல மனசு. போன வாரம் அவர்கள் யாரை மேடையேற்றலாம் என்று பிள்ளைகளைப் பொறுக்கியதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 12 வருடத்துக்கு முன் நான் செய்ததும் இதேதான். நேரத்துக்குப் போங்கள், திட்டாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டு மற்றவற்றைச் சொல்கிறேன்.

மேடைக்காகச் சொல்லித்தருவது

பொங்கல் விழாவுக்கு ஏதாவது செய்யுங்கள், நன்கொடை தருகிறவர்கள் வருவார்கள் என்றார்கள். சரி என்றேன். 14 பேரில் சட்டென்று கை விழுந்த 4 பேரை எடுத்துக்கொண்டு, மற்றவர்களைத் தாளம் போடச் சொன்னேன். 3 மாதம், ஒரே உருப்படி. மேடையில் நன்றாகவே போனது. அடுத்த ஞாயிறு வந்தது 6 பேர். மேடையேறிய நால்வரும் வேறொரு பாடத்தை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், வாசிக்கச் சொன்னால் திணறினார்கள்.

வராமல் போனவர்களில் ஒரு சின்னப் பெண். தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எண்ணி, அப்புறம் தட்டும் வீச்சுமாக ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையையும் நழுவவிடாதவள். "அது அண்ணன்களுக்கு, சயா" (பர்மியத்தில் வாத்தியார்) என்று மிருதங்கத்தைத் தொடாமலே ஒதுங்கிக்கொள்வாள். அவள் கையைப் பிடித்து நான் ஒருநாளும் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் வைத்ததில்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

முதல் ஒரு வருடம் மேடைப் பேச்சே எடுக்காதீர்கள். எல்லோரும் வாயால் சொற்கட்டு, அதாவது த தி தொம் நம் என்ற மிருதங்கச் சொற்களை, சொல்லட்டும். அதற்கு வாத்தியமே வேண்டாம். இருப்பது ஒரே மிருதங்கம் என்றாலும் எல்லோர் மடிக்கும் போகட்டும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதையும், வாசித்து முடித்ததும் சுரண்டித் துடைப்பதையும் அவர்களிடமே விடுங்கள். தூணோரம் ஒண்டி நிற்கும் பையன்கூட ரவை உருட்டப் பக்கத்தில் வந்துவிடுவான். விழாவுக்குக் கட்டாயம் வேண்டும் என்றால், எல்லோரும் சேர்ந்து அந்தச் சொற்கட்டையே தாளத்தோடு வாயால் சொல்லும் கொன்னக்கோல் சொல்லட்டும்.

சொற்கட்டைத் தமிழில் மட்டும் எழுதிப்போடுவது

நிறையப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரிந்தது பர்மிய எழுத்துதான். அதிலும் எழுதுங்கள்.

மழைக்காலத்தில் மிருதங்கத்தை மண்டபத்திலேயே விட்டுவருவது

தோல் தளர்ந்துவிடும். வீட்டுக்கு எடுத்துப்போங்கள்.

பௌத்த மடாலயப் பள்ளியில் கேட்காமல் தொடங்குவது

சிறு துறவிகளுக்குப் பாட்டும் வாத்தியமும் அவர்கள் ஏற்ற சீலப்படி (துறவு நெறிப்படி) விலக்கு. முதலில் மடத்தின் தலைமைத் துறவியான சயாடோவிடம் பேசுங்கள்.

டீக்கடையில் வேலை பார்க்கும் பையனின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிப்பது

வேண்டாம். அவனுக்கு லீவு கிடைக்கிற நாளில் வரட்டும். ஏன் வரவில்லை என்று கேட்காமல், விட்ட பாடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.