எலும்புப்புரை மாத்திரை முதலில், காப்பி அப்புறம்

ஏற்காட்டுத் தோட்டத்து வீடுகளில், கண் விழித்ததுமே சூடான காப்பி கைக்கு வந்துவிடும். எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய்க்கு வாரம் ஒன்று போடும் அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரைக்கு அந்தக் காப்பி ஆகவே ஆகாது. வெறும் வயிற்றில் போட்டாலே நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராத மருந்து இது. காப்பியோடு போனால் அதிலும் பாதிக்குமேல் வீண்.

வாரத்தில் ஒரு கிழமையை முடிவு செய்து காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். அன்று எழுந்ததும் 200 மி.லி. வெறும் தண்ணீரோடு மாத்திரையை முழுதாக விழுங்க வேண்டும். கடிக்கவோ சப்பவோ கூடாது. அடுத்த அரை மணி நேரம் உட்காரலாம், நடக்கலாம். படுக்கக் கூடாது; குனிந்து கோலம் போடுவதும் வேண்டாம். மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் அங்கே புண்ணாகிவிடும். விழுங்கும்போது வலித்தாலோ புதிதாக நெஞ்செரிச்சல் வந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரை மணி கழித்துக் காப்பி, டிபன். கால்சியம் மாத்திரையை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கிழமை மறந்துபோனால் மறுநாள் காலை போடலாம். ஒரே நாளில் இரண்டு கூடவே கூடாது.

அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. உண்டு. அதற்குமுன் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), கால்சியம், வைட்டமின் டி பார்த்தாக வேண்டும். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் அதையும் முன்பே முடித்துவிடுங்கள். முதல் ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். அதற்குப் பயந்து அடுத்த ஆண்டு ஊசியை விட்டுவிடாதீர்கள். இதே நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் என்ற ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது. மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கலாம்.

வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட், பற்றாக்குறைக்கு வாரம் ஒன்று, வழக்கமாக 8 வாரம். தினம் ஒன்று என்று நினைத்துப் போட்டுவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியும் மனக்குழப்பமும் வரும். மருந்துச் சீட்டை வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகப் படித்துச் சொல்லுங்கள். சாப்பாட்டில் கேழ்வரகு சேருங்கள்: 100 கிராம் மாவில் 300 மி.கி.க்கு மேல் கால்சியம்.

மழைக்காலத்தில் பாசி பிடித்த வாசற்படியைத் தேய்த்துக் கழுவி, ஒரு கைப்பிடியும் பொருத்துங்கள். சேலத்துக்கு இறங்கும் பேருந்தில் பெரியவர்களுக்குப் பின் இருக்கை வேண்டாம். வேகத்தடையில் தூக்கிப்போடும் ஒரே குலுக்கலில் முதுகெலும்பு அமுங்கிவிடும். அப்படிச் சுருக்கென்று முதுகு பிடித்தால் தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் அன்றே எக்ஸ்ரே எடுங்கள்.