கூலன்ட்டை எங்கே மூடலாம், எங்கே மூடக்கூடாது

மில்லிங் மெஷினில் வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்தான் கூலன்ட். அதன் மோட்டாரை நிறுத்துமுன் டேபிளில் என்ன உலோகம் இருக்கிறது என்று பாருங்கள்.

வார்ப்பிரும்பு என்றால் சுலபம். அதிலுள்ள கிராஃபைட்டே வழுக்கல் தரும். கூலன்ட் விட்டால்தான் பொடி சேறாகி ஸ்லைடில் அப்பும். உலர்வாக ஓட்டும்போது தூசி உறிஞ்சி மட்டும் கட்டாயம்.

ஸ்டீல் ஃபேஸ் மில்லிங்கில், அதாவது மேற்பரப்பைச் சமமாகச் சீவும்போது, கூலன்ட் பல நேரம் கெடுதலே செய்கிறது. கட்டரில் பொருத்தும் கார்பைடு வெட்டுத் துண்டு (இன்செர்ட்) வெட்டும்போது சுடும். வெளியே வந்ததும் கூலன்ட் பட்டுச் சட்டென்று குளிரும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படி நடந்தால் விளிம்புக்குக் குறுக்கே சீப்புப் பல் போல விரிசல் விழும். கழற்றிய இன்செர்ட்டில் அது தெரிந்தால் முதலில் அந்த வேலையில் மூடிப் பாருங்கள். டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சுள்ள இன்செர்ட் போட்டு, துருவலைக் காற்றால் தள்ளுங்கள். பாக்கெட்டில் (குடைந்த பள்ளத்தில்) துருவல் தேங்கி மறுபடி வெட்டுப்பட்டால் முனை உடையும். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கட்டரைக் கார்பைடு ஓடும் வேகத்தில் உலர்வாக ஓட்டாதீர்கள். 600 டிகிரி செல்சியஸை ஒட்டியே மென்மையாகிவிடும்.

அலுமினியம் உலர்வில் முனையில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு எம்.க்யூ.எல்., அதாவது காற்றோடு மிகக் குறைந்த எண்ணெயைத் தெளிக்கும் முறை: 4 முதல் 6 பார் காற்றில் மணிக்கு 10 முதல் 50 மில்லி தாவர எஸ்டர் எண்ணெய். நாசிலை முனையிலிருந்து 25 மி.மீ. அளவில், துருவல் மறைக்காத பக்கம் வையுங்கள். முன்னால் காகிதம் பிடித்தால் சில நொடியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிய வேண்டும், வழிந்தால் அதிகம். கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் வந்தால் தெளிப்பு விட்டுவிட்டு வரும், ஃபில்டரைத் தினமும் வடியுங்கள். கதவை மூடி, எண்ணெய்ப் புகையை உறிஞ்சும் மிஸ்ட் கலெக்டர் ஓடட்டும். இந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. பூச்சில்லாத, பளபளப்பாகத் தீட்டிய கட்டரே அலுமினியத்துக்கு நல்லது.

விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆழமான துளைக்கு வெளி நாசில் எட்டாது; ஸ்பிண்டில் வழியே தெளிக்கும் வசதி இல்லையென்றால் பழையபடி கூலன்ட்தான். டைட்டானியத்திலும் இன்கோனெல் என்ற நிக்கல் கலப்புலோகத்திலும் உலர்வு வேண்டாம்.

அளவு பிசகுவதுதான் பலரைத் திரும்ப கூலன்ட்டுக்கே விரட்டுகிறது. 100 மி.மீ. அலுமினியம் 20 டிகிரி கூடுதல் சூட்டில் 0.046 மி.மீ. நீண்டிருக்கும், ஸ்டீல் சுமார் 0.024. ஃபினிஷ் கட்டுக்கு முன் ஆறவிட்டு, ஆறிய பிறகே மைக்ரோமீட்டர் பிடியுங்கள்.