குட்னா ஹோரா: ஒரே நாளில் எலும்பும் வெள்ளியும்

பிராகில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு நாள் குட்னா ஹோரா என்ற பழைய வெள்ளிச் சுரங்க ஊருக்கு அழைத்துப் போய்விடுவேன். இதுவரை ஆறு முறை ஆயிற்று. முதல் முறை விவரம் தெரியாமல் திங்கட்கிழமை கிளம்பினோம். வெள்ளிச் சுரங்கத்துக்கு அன்று விடுமுறை. பூட்டிய கதவுக்கு எதிரே உட்கார்ந்து, மாமியார் கட்டி எடுத்துவந்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். ஆகவே திங்கள் வேண்டவே வேண்டாம். குளிர்காலத்திலும் சுரங்கம் கிடையாது. முதலில் சுரங்கத்துக்கு மதியம் இரண்டு மணி வாக்கில் முன்பதிவு செய்யுங்கள். மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அடுக்கிக்கொள்ளலாம்.

பிராக் மத்திய ஸ்டேஷனிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். சில வண்டிகளுக்குக் கொலீனில் மாற வேண்டும். குட்னா ஹோராவின் பெரிய ஸ்டேஷனில் இறங்கியதும் பாதிக் கூட்டம் ஊருக்குள் போகும் குட்டி ரயிலைப் பிடிக்க ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். எலும்பு மண்டபம் இருக்கும் செட்லெட்ஸ் இந்த ஸ்டேஷன் பக்கம்தான், பத்துப் பதினைந்து நிமிட நடை.

மண்டப வாசலில் போய் நின்றால் டிக்கெட் கிடைக்காது. செட்லெட்ஸிலேயே இருக்கும் பேராலயத்துக்கு அருகிலுள்ள தகவல் மையத்தில் வாங்க வேண்டும். மண்டபம், பேராலயம், மேலே ஊரிலுள்ள பார்பரா ஆலயம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டாக வாங்கிவிடுங்கள்.

மண்டபத்தில் 40,000 பேருக்குக் குறையாத எலும்புகள். 13ஆம் நூற்றாண்டில் செட்லெட்ஸ் மடத்துத் தலைவர் ஒருவர் இயேசு சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதாவிலிருந்து கொஞ்சம் மண் கொண்டுவந்து இங்கே தூவினாராம். அதன்பின் எங்கெங்கிருந்தோ ஆட்கள் இங்கேயே புதைக்கப்பட ஆசைப்பட்டார்கள் என்று சொல்வார்கள். பிளேக்கிலும் 15ஆம் நூற்றாண்டின் ஹுஸ்ஸைட் மதப் போர்களிலும் இறந்தவர்கள் வேறு. 1870இல் ஃபிரான்டிஷெக் ரின்ட் என்ற மரச்சிற்பி அவற்றை எடுத்து நடுவில் ஒரு சரவிளக்கும், ஷ்வார்ட்சன்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்தின் சின்னமும் செய்துவைத்தார். சின்னத்தின் ஓரத்தில் ஒரு காக்கை, துருக்கியன் தலையில் கண்ணைக் கொத்துகிறது, அதுவும் எலும்புதான். வாசல் பக்கச் சுவரில் ரின்ட் தன் பெயரையும் எலும்பாலேயே எழுதியிருக்கிறார், தேடிப் பாருங்கள். போட்டோ எடுக்கக்கூடாது. வெளியே வந்ததும் மாமியார் சொன்னது: "வீட்டுக்குப் போனதும் முதலில் தலைக்குக் குளி."

பேராலயத்துக்கு இருபது நிமிடம் போதும். ஹுஸ்ஸைட்டுகள் 1421இல் எரித்ததை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் சான்டினி புதுப்பித்தார். எலும்புகளைப் பார்த்த கண்ணுக்கு அந்த வெளிச்சம் இதமாக இருக்கும்.

அப்புறம் பஸ் பிடித்து ஊர் மையம். சைவக்காரர்களுக்கு மதியம் பொரித்த சீஸும் உருளைக்கிழங்கும்தான், வேறு பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வழியில் இத்தாலிய முற்றம் என்னும் பழைய நாணயச் சாலை. 1300இல் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் இத்தாலிய நிபுணர்களை வரவழைத்து 'கிரோஷன்' என்ற வெள்ளி நாணயம் அடிக்கத் தொடங்கிய இடம். நேரம் குறைவென்றால் முற்றத்தை மட்டும் எட்டிப் பார்த்தால் போதும்.

நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டியது சுரங்கத்துக்குத்தான். வெள்ளைக் கோட்டு, ஹெல்மெட், கை விளக்கு தருவார்கள். கோடையிலும் உள்ளே குளிரும். கோட்டுக்கு அடியில் ஸ்வெட்டர் போடுங்கள். சில இடங்களில் குனிந்து, ஒருக்களித்துத்தான் போக முடியும். மூட்டுவலிக்காரர்களும் அடைந்த இடம் என்றாலே மூச்சு முட்டுபவர்களும் மேலேயே இருந்துவிடுவது நல்லது. பாதி வழியில் வழிகாட்டி விளக்குகளை அணைக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற என் மகன் தெரியவில்லை, என் கையே தெரியவில்லை.

பார்பரா ஆலயத்தைக் கடைசிக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. செட்லெட்ஸ் மடத்தின் தயவில்லாமல் ஊர்க்காரர்கள் சுரங்கப் பணத்தில் கட்டிக்கொண்ட கோயில் அது. பார்பரா சுரங்கத் தொழிலாளர்களின் காவல் தெய்வம். 1388இல் தொடங்கிய வேலை, வெள்ளி குறையக் குறைய நின்று, 1905இல்தான் முடிந்தது. உள்ளே ஒரு தொழிலாளியின் சிலை நிற்கிறது, உடம்பில் அதே வெள்ளைக் கோட்டு. நேராக இங்கே வந்திருந்தால் அதைத் தாண்டிப் போயிருப்போம். "அம்மா, நம்ம கோட்டு!" என்று மகன் கத்தியதில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்புகையில் ஊருக்குள்ளிருக்கும் சின்ன ஸ்டேஷனிலேயே ஏறுங்கள், பெரிய ஸ்டேஷனில் மாறிக்கொள்ளலாம்.