பழைய மில் இடத்தைக் கையில் எடுக்கும்போது

என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். மதுரை மேலப்பொன்னகரத்தில் மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் அம்மா உலை வைப்பார். இன்று நான் சிவில் இன்ஜினியர். மூடிக்கிடக்கும் மில்லைக் கடைகளாகவோ வீடுகளாகவோ மாற்ற நினைப்பவர்கள் கூப்பிட்டால், பிளான் போடுவதற்கு முன்பே ஒன்று சொல்வேன்: அங்கே வேலை பார்த்த ஒருவரைத் தேடிப்பிடித்து, கூடவே நடங்கள்.

ஒரு மில்லில் அதைச் செய்யாமல் விட்டோம். அஸ்திவாரத்துக்குத் துளை போடும் பைலிங் வண்டியின் முன்சக்கரம் தரைக்குள் இறங்கிவிட்டது. நூல் அறுந்துபோகாமல் இருக்க ஷெட்டுக்குள் ஈரக்காற்று விடுவார்கள். அந்தக் காற்று போய்வரும் சுரங்கவழி தரைக்கடியில் இருந்தது, சக்கரம் அதற்குள்தான் இறங்கியது. எந்த வரைபடத்திலும் அது இல்லை. அங்கே முப்பது வருடம் வேலை பார்த்த பெரியவர் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். பாய்லர் எங்கே நின்றது, எண்ணெய்த் தொட்டி எங்கே புதைந்திருக்கிறது, எந்தக் கிணற்றை மூடினார்கள் என்றெல்லாம் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் காட்டும் இடத்தில் மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அடுத்து காகிதம். நகர நில அளவைப் பதிவேடு, 30 வருட வில்லங்கச் சான்று இரண்டையும் வாங்குங்கள். தொழிலாளர்களின் கிராஜுவிட்டி (பணிக்கொடை) பாக்கி வில்லங்கத்தில் தெரியாது, தனியாக விசாரியுங்கள். அந்தப் பணம் தீராமல் அங்கே ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது என்பது என் எண்ணம். நகரின் மாஸ்டர் பிளானில் அந்த இடம் 'தொழிற்சாலைப் பகுதி' என்றிருந்தால் நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டும். மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வந்தால் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருக்கிறது.

சரி, கட்டடத்துக்கு வருவோம். ரம்பப் பல் மாதிரி இருக்கும் அந்தக் கூரையைத் தயவுசெய்து இடிக்காதீர்கள். கண்ணாடியெல்லாம் வடக்கு பார்த்திருக்கும். வெயில் உள்ளே அதிகம் விழாது, வெளிச்சம் தாராளமாக வரும். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு இதைவிட நல்ல கூரை எனக்குத் தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் மாற்றுங்கள். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். சுத்தியலும் கட்டரும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். வார்ப்பிரும்புத் தூணில் வெல்டிங் வைத்தால் விரிசல் விடும். இரும்புப் பட்டை போட்டு போல்ட்டால் இறுக்குங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உதிர்ந்துபோகும். சுண்ணாம்பையே பூசுங்கள்.

அப்புறம் மதில். 1892-இல் நம்ம ரயில்வே ஜங்ஷன் பக்கத்தில் ஹார்வி மில் வந்ததிலிருந்து, மில் மதிலைச் சுற்றிச் சுற்றியே நடந்து பழகியவர்கள் நாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதம் பொது இடமாக ஒப்படைக்க வேண்டும் என்று விதி. அதைப் பின்மூலையில் ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு வாரம் சாயங்காலம் மதிலோரமாக நின்று, மார்க்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் போகிறவர்கள் எங்கே வளைந்து சுற்றிப் போகிறார்கள் என்று பாருங்கள். அந்த இடத்தில் மதிலை உடைத்துத் தெருவை உள்ளே விடுங்கள். பொது இடம் அந்தத் தெருவைப் பார்த்தபடி இருக்கட்டும்.