ஷார்ட்ஸ்டாப் பாணியில் தரைப்பந்து: நம்ம ஊர்ப் பசங்களுக்குப் பழக்குவது எப்படி?

கொங்குப் பக்கம் கிரிக்கெட் ஆடும் பசங்களில் பாயிண்ட், கவரில் நிற்பவர்களுக்குத் தரைப்பந்து பிடிக்கச் சொல்லித்தர யாரும் மெனக்கெடுவதில்லை, பேட்டிங் முடிந்த மிச்ச நேரத்தில் நாலு பந்து உருட்டிவிட்டால் அதுதான் ஃபீல்டிங் பயிற்சி. இதற்குப் பேஸ்பாலைத்தான் பார்க்கணும்.

ஓமர் விஸ்கேல் வெனிசுலாவின் கராகஸில் 1967-இல் பிறந்தவர். பேஸ்பாலில் அடித்தவர் ஓடித் தொட வேண்டிய இடங்களுக்கு பேஸ் என்று பேர்; அதில் இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப் இவர். 1989 முதல் 2012 வரை அமெரிக்காவின் மேஜர் லீகில் ஆடி, சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் குளோவ் விருதை 11 முறை வாங்கினார், கடைசியாக வாங்கும்போது வயது 39. ஓய்வு பெற்ற மறு வருஷமே ஏஞ்சல்ஸ் அணியில் இன்ஃபீல்ட் கோச், அப்புறம் 2014 முதல் 2017 வரை டெட்ராய்ட்டில் முதல் பேஸ் கோச்.

முதலில் கால். பவுலர் கையிலிருந்து பந்து விடுபடும் நேரத்தில் சின்னதாக ஒரு துள்ளல் போட்டு, பேட்டில் பந்து படும்போது இரண்டு காலும் தரையில் அகலமாக ஊன்றியிருக்கணும். குதிகாலில் நின்றால் போச்சு.

அடுத்தது கை. விரல் நுனி மண்ணைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தி, உடம்புக்கு முன்னால் வைத்துக்கொண்டு, பந்து எழும்பினால் கையும் கூடவே எழும்பட்டும். மேலே வைத்துவிட்டுக் கடைசி நொடியில் கீழே கொண்டுபோனால் காலுக்கு நடுவே ஓடிவிடும்.

இனி குத்து, அதாவது பந்து தரையில் பட்டு எழும்புவது. நம்ம செம்மண் காட்டில், சரளைக்கல் கிடக்கும் இடத்தில், பந்து எப்படி எழும்பும் என்று பிள்ளையாருக்கே தெரியாது. அதனால் முன்னால் ஓடிப்போய்க் குத்தி எழும்பும் இடத்திலேயே அமுக்கு, இல்லாவிட்டால் பின்வாங்கி அது உச்சிக்கு வந்து இறங்கும்போது எடு. இரண்டுக்கும் நடுவில் மாட்டினால் நெஞ்சில் அடிதான்.

ஒரு கையா, இரண்டு கையா? 1993-இல் சியாட்டில் அணிக்காக கிறிஸ் போசியோ ஒரு ஹிட்டும் (அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்வது) விடாமல் பந்து வீசிக்கொண்டிருந்த ஆட்டத்தின் கடைசி அவுட்டைத் தேடிப் பாருங்கள். பந்து போசியோ தலைக்கு மேல் குதித்துப் போக, விஸ்கேல் ஓடிவந்து, இன்னொரு கையில் குளோவ் இருந்தும் வெறுங்கையால் பறித்து அப்படியே முதல் பேஸுக்கு எறிந்தார். குளோவிலிருந்து பந்தை எடுக்கும் அந்தக் கண நேரம்கூட அவரிடம் இல்லை. நம்ம பசங்களும் மெதுவாக வரும் பந்துக்கு, ரன் அவுட் வாய்ப்பு இருந்தால் மட்டும் ஒற்றைக் கை போகட்டும். வேகமாக வருவதற்கு இரண்டு கை, பின்னால் முட்டி, அவ்வளவுதான்.

பழக்கும்போது டென்னிஸ் பந்து, பத்தடி தூரம், மண்டியிட்டுக் கையால் உருட்டுங்கள். கை பழகிய பிறகு எழுந்து நின்று, அப்புறம் பழைய பேட்டால் தட்டிவிடலாம், கார்க் பந்து கடைசியில்தான். சொல்லித்தருபவர் பந்தையே பார்க்க வேண்டாம். பையன் காலைப் பாருங்கள், தப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.